ஏறாமல் வணங்கும் மலைகள்

திருவையாற்றில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கயிலாயம் தொலைதூரத்துப் பெயர் அன்று. ஐயாறப்பர் திருக்கோயிலுக்குள்ளேயே தென்கயிலாயமும் வடகயிலாயமும் அமைந்திருக்கின்றன. ஆடி அமாவாசைதோறும் அப்பர் பெருமானுக்கு இறைவன் கயிலைக் காட்சி அருளிய விழா அங்கே நடைபெறுகிறது. ஓதுவார் அப்பரின் பதிகத்தைப் பாட, கூடியிருப்போர் கண்ணீர் மல்க நிற்பார்கள்.

அந்த ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு, இமயத்துக் கயிலையை ஒருமுறையேனும் வலம் வர வேண்டும் என்பது நெடுநாள் வேட்கை. அதற்கெனச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். 2020-ஆம் ஆண்டு விண்ணப்பிக்க எண்ணியிருந்த வேளையில் பெருந்தொற்று பரவியது, யாத்திரை நின்றது. இந்திய அரசு நடத்தும் கயிலை மானசரோவர் யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியபோது அவருக்கு வயது 72. அந்த யாத்திரைக்குரிய வயது வரம்போ 70.

ஏமாற்றத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பணம் வங்கியில் அப்படியே இருந்தது. அவர் துணைவியார் மட்டும் அதை அறிவார். ஆடி அமாவாசை விழாவுக்கு அந்த ஆண்டு அவர் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டதை அம்மையார் கண்டிருந்தார்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் வாழும் மகனும் மருமகளும் வற்புறுத்தி அழைத்ததால், புரட்டாசி மாதத்தில் இருவரும் அங்கே சென்றிருந்தார்கள். "அப்பா, இங்கே பார்க்க வேண்டிய மலைகள் இருக்கின்றன. சனிக்கிழமை காரில் புறப்படுவோம்; ஞாயிறு இரவு திரும்பிவிடலாம்" என்றான் மகன். பெரியவர் தலையசைத்தார். அவர் வந்தது பத்து வயதுப் பேரனைப் பார்க்க. மலைகளைப் பார்க்க அன்று.

புரட்டாசிச் சனிக்கிழமை

விடியுமுன்பே வண்டி புறப்பட்டது. புளியோதரையும் தயிர்சாதமும் கூடையில் இருந்தன. "ஊரில் இருந்தால் இந்நேரம் பெருமாள் சந்நிதியில் நிற்போம்" என்று அம்மையார் ஒருமுறை சொன்னார். பிறகு சகஸ்ரநாமத்தை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார்.

ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள நிலம் ஆளுயரத்தைவிடப் பன்மடங்கு வளர்ந்த கள்ளிகளின் பாலைவனம். வடக்கே செல்லச் செல்லச் சாலை மேலேறுகிறது. இரண்டரை மணி நேரத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் என்னும் ஊரை அடையும்போது கள்ளிகள் மறைந்து பைன் மரக்காடுகள் சூழ்ந்துவிடுகின்றன. அவ்வூருக்கு மேலே சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்தது 12,633 அடி. அரிசோனாவிலேயே அதுதான் மிக உயர்ந்த சிகரம். அப்பகுதியின் பூர்வகுடிகளான நவஹோ, ஹோப்பி முதலிய இனத்தவர்க்கு அது தெய்வத்தன்மை வாய்ந்த மலை. நவஹோ மக்கள் தங்கள் நாட்டின் நான்கு திசைகளுக்கும் நான்கு புனித மலைகளை எல்லையாகக் கொண்டவர்கள். அவற்றுள் மேற்குத் திசைக்குரியது இது.

"மலையில் கோயில் இருக்கிறதா?" என்று அம்மையார் கேட்டார்.

"இல்லை, அம்மா. மலையேதான் அவர்களுக்குக் கோயில்" என்றான் மகன்.

அங்கிருந்து மேலும் ஒன்றரை மணி நேரம் சென்றால் கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கின் தென்கரை. கொலராடோ ஆறு அறுத்து உண்டாக்கிய இப்பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர்; ஆழம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். விளிம்பில் கம்பித் தடுப்பைப் பற்றிக்கொண்டு நிற்பவருக்கு முதலில் எதுவும் சொல்லத் தோன்றுவதில்லை. பள்ளத்தின் நடுவிலிருந்து நூற்றுக்கணக்கான பாறைக் குன்றுகள் எழுகின்றன. அடியில் அகன்று, தளம் தளமாகக் குறுகி, உச்சியில் சிகரமாக முடியும் அவற்றின் வடிவம், அதிட்டானமும் தளங்களும் கொண்ட நம் விமானங்களை ஒத்திருக்கிறது.

இந்த ஒப்புமை முதலில் தோன்றியது நம்மவர்க்கு அன்று. கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்க நிலவியலறிஞர் இப்பள்ளத்தாக்கை ஆராய்ந்து 1882-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். குன்றுகள் கீழைநாட்டுக் கோயில்களை நினைவூட்டியமையால், அவற்றுள் ஒன்றுக்கு விஷ்ணு கோயில் என்றும் மற்றொன்றுக்குச் சிவன் கோயில் என்றும் பெயரிட்டார். பின்வந்தவர்களும் அவ்வழக்கத்தைப் பின்பற்றினார்கள். பிரம்மா, கிருஷ்ணர், இராமர், மனு, புத்தர், கன்பூசியஸ், ஜொராஸ்டர் ஆகியோரின் பெயர்களெல்லாம் இன்று அப்பள்ளத்தாக்கின் வரைபடத்தில் உள்ளன. அடியாழத்தில் ஆற்றின் இருமருங்கும் கறுத்துத் தெரியும் மிகப் பழமையான பாறைக்கும் விஷ்ணுவின் பெயரே வழங்குகிறது. அதன் வயது ஏறத்தாழ 175 கோடி ஆண்டுகள்.

இதைக் கேட்டபோது பெரியவர் அன்று முதன்முறையாகப் புன்னகை செய்தார். "பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள். அப்படியானால் இந்தப் பாறைக்கு அவர் கணக்கில் இன்னும் அரைப்பகல்கூட ஆகவில்லை" என்றார்.

கிழக்கே செல்லும் சாலையிலுள்ள காட்சி முனை ஒன்றிலிருந்து மகன் விஷ்ணு கோயிலைச் சுட்டிக் காட்டினான். 7,500 அடிக்கு மேற்பட்ட அந்தச் சிகரம் தனித்து நின்றது. அதன் மேற்பகுதியில் வெண்மஞ்சள் நிறப் பட்டை ஒன்று தெரிகிறது. அது கோகொனினோ என்னும் மணற்பாறை. சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பரந்திருந்த பாலைவனத்தின் மணற்குன்றுகள் இறுகிப் பாறையானவை. அன்று அந்த மணலில் ஊர்ந்து சென்ற பிராணிகளின் காலடித் தடங்கள் இன்றும் அப்பாறையில் பதிந்திருக்கின்றன.

அம்மையார் கைகூப்பினார். பெரியவர் கூப்பவில்லை. "பெயர் வைத்தவர் வழிப்போக்கர். வடிவத்தைப் பார்த்து வைத்தார். அவ்வளவுதான்" என்றார்.

சிவன் கோயில் என்ற குன்றைப் பற்றி மகன் ஒரு செய்தி சொன்னான். பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்து நிற்கும் அதன் உச்சியில் வேறெங்கும் இல்லாத விலங்குகள் இருக்கக்கூடும் என்று கருதி, 1937-இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் பெரும் விளம்பரத்துடன் ஏறினார்கள். கரையில் காணப்படும் விலங்குகளே அங்கும் இருந்தன. பழங்குடியினர் எப்போதோ விட்டுச் சென்ற கற்கருவிகள் கிடைத்தன. சில வாரங்களுக்கு முன் ஏறிச் சென்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவர் போட்டுவிட்டுப் போன காலி ஃபிலிம் பெட்டியும் கிடைத்தது.

"ஏறியதற்குக் கிடைத்த பலன் அதுதான்" என்றார் பெரியவர்.

நவஹோ நாட்டுக்குள்

பள்ளத்தாக்கின் கிழக்கு முனையிலிருந்து சாலை இறங்கி, கேமரன் என்ற சிற்றூர் அருகே நவஹோ நாட்டுக்குள் நுழைகிறது. அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ ஆகிய மூன்று மாநிலங்களில் பரவிய இந்நாட்டின் பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மிகுதி. அங்கே அவர்களுக்கெனத் தனி அரசும் நீதிமன்றமும் உண்டு. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் வழக்கத்தை அரிசோனா ஏற்கவில்லை. நவஹோ நாடு ஏற்றிருக்கிறது. ஆகவே எல்லை கடந்ததும் மகன் நேரத்தை மாற்றிச் சொன்னான்.

சாலையின் இருபுறமும் ஊதா, சாம்பல், செம்மை என்று வரிவரியாய் நிறம் மாறும் மண்மேடுகள். ஆங்காங்கே வெள்ளியிலும் நீலக்கல்லிலும் செய்த அணிகலன்களை விற்கும் பந்தல்கள். நெடுந்தொலைவுக்கு ஒரு வீடு.

இம்மக்கள் இங்கே அமைதியாகவே வாழ்ந்துவந்தார்கள் என்று நினைக்க வேண்டா. 1864-இல் அமெரிக்கப் படையினர் அவர்களுடைய பயிர்களையும் பழமரங்களையும் அழித்து, அவர்களைச் சுமார் 480 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தடுப்பு முகாமுக்கு நடத்திச் சென்றார்கள். முதியோரும் கருவுற்ற பெண்டிரும் வழியிலேயே வீழ்ந்தார்கள். எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்முகாமில் அடைபட்டார்கள். பசியாலும் நோயாலும் மாண்டோர் பலர். 1868-இல் உடன்படிக்கை ஏற்பட்டு அவர்கள் தாயகம் திரும்பினார்கள். தெற்கு எல்லையாகிய தங்கள் புனித மலை தொலைவில் கண்ணில் பட்டபோது, முதியோர் மகிழ்ச்சி தாங்காமல் அழுதார்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

மகன் இதைச் சொல்லி முடித்தபின் நெடுநேரம் யாரும் பேசவில்லை. மலையைக் கண்டு அழுத முதியோரைப் பற்றிய அந்தச் செய்தி பெரியவரை எங்கோ தொட்டிருக்க வேண்டும். "அவர்களுக்குத் திரும்பிப் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

செம்பாறைகளின் வெளி

கயென்டா என்ற ஊரைத் தாண்டி வடக்கே திரும்பியதும் மான்யுமென்ட் வேலியின் பாறைகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. நவஹோ மக்கள் 1958-இல் இதனைத் தங்கள் இனத்துக்குரிய பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவித்துத் தாங்களே பேணி வருகிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஐயாயிரம் அடிக்கும் உயர்ந்த செம்மணல் வெளி. அதில் ஆயிரம் அடி வரை செங்குத்தாய் நிற்கும் சிவந்த குன்றுகள்.

இவற்றின் பிறப்பும் பள்ளத்தாக்கில் கண்ட வெண்பட்டையின் பிறப்பும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. காற்று கொணர்ந்து குவித்த பாலைவன மணலே இங்கும் இறுகி மணற்பாறையாயிற்று. அதில் கலந்துள்ள இரும்பு துருவேறிச் செந்நிறம் தந்தது. அடியில் மென்மையான களிப்பாறை. நடுவில் செங்குத்தான மணற்பாறை. உச்சியில் கூழாங்கற்கள் இறுகிய கடினமான மூடி. மூடி உள்ளவரை மழையும் காற்றும் பாறையை எளிதில் கரைக்க முடிவதில்லை. அடிக்களிமண் கரையக் கரைய மேற்பாறை பிளந்து விழுகிறது. மேசைபோல் அகன்ற மலை காலப்போக்கில் சிறு குன்றாகிறது, குன்று தூணாகிறது, தூணும் ஒருநாள் மணலாகிறது. காற்றால் வந்தது காற்றோடு போகிறது.

அவர்கள் சென்று சேர்ந்தபோது மாலை. பார்வையாளர் மாடத்துக்கு எதிரே இரு பெருங்குன்றுகள், கட்டைவிரலை மட்டும் தனியே நீட்டிய கைகளைப் போல் நின்றன. தெய்வங்கள் தாம் மீண்டும் வருவோம் என்பதற்கு அடையாளமாக விட்டுச் சென்ற கரங்கள் அவை என்று சொல்லப்படுவதுண்டு. மேற்கில் சாயும் கதிரவன் ஒளியில் அவை நெருப்புத் துண்டங்களாய் ஒளிர்ந்து, பிறகு மெல்ல அவிந்தன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரியவர் வழக்கம்போல் விடியுமுன் எழுந்து நீராடித் தங்கியிருந்த விடுதியின் முற்றத்துக்கு வந்தார். குன்றுகளின் பின்னாலிருந்து கதிரவன் எழுந்தது. அவர் கிழக்கு நோக்கி நின்று சூரியனை வழிபட்டார். சற்றுத் தள்ளி நவஹோ முதியவர் ஒருவரும் கிழக்கு நோக்கி நின்றிருந்தார். சிறு பையிலிருந்து எதையோ விரல் நுனியில் எடுத்து மெல்லத் தூவினார். அது சோளப்பூவின் மகரந்தம் என்றும், விடியலில் அதைத் தூவி வேண்டுவது அவர்கள் வழக்கம் என்றும் பின்னர் தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலை தாழ்த்தினார்கள்.

வழிகாட்டியின் சொல்

குன்றுகளுக்கிடையே செல்லும் மண்பாதை 27 கிலோமீட்டர் நீளமுடையது. மேடுபள்ளம் மிகுதி. நவஹோ வழிகாட்டிகள் ஓட்டும் உயரமான வண்டிகளில் செல்வதே முதியோருக்கு நல்லது. முட்டிவலியுள்ள அம்மையாரை வழிகாட்டி கைகொடுத்து ஏற்றினார். அவரை "ஷிமா" என்று அழைத்தார். அதற்கு "என் தாய்" என்பது பொருள்.

மூன்று கன்னியர் எனப்படும் மெலிந்த தூண்கள், யானைக்குன்று, ஒட்டகக்குன்று என ஒவ்வொன்றாகக் கடந்தார்கள். "மதுரை யானைமலையைவிட இது சிறிது" என்று அம்மையார் தீர்ப்பளித்தார். நடுவே மழைத்தெய்வத்தின் பெயர் கொண்ட அகன்ற மலை. அதன் பாறைகள் மழைநீரை உள்ளே தேக்கி வைத்து ஊற்றாய்க் கசியவிடுவதால், நவஹோ பூசகர்கள் அங்கே மழைக்காக வேண்டி நன்றி செலுத்தி வந்திருக்கிறார்கள்.

ஒரு குன்றின் அடியில் வண்டி நின்றது. பேரன் இறங்கி ஓடினான். "மேலே ஏறலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

வழிகாட்டி சிரித்துக்கொண்டே தலையசைத்து மறுத்தார். "இங்கே யாரும் ஏறுவதில்லை. பயணிகளுக்கும் அனுமதி இல்லை. உங்கள் கோயில் கூரைமேல் நீ ஏறுவாயா?" என்றார்.

மகன் தமிழில் சொன்னதும் அம்மையார் பேரனை அருகில் அழைத்து அமர்த்திக்கொண்டார். காரைக்கால் அம்மையார் கயிலைக்குச் சென்றபோது, இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையாலே நடந்து சென்ற வரலாற்றைப் பெரியபுராணத்தில் உள்ளபடி சொன்னார். வழிகாட்டி அதன் பொருளைக் கேட்டறிந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிலைச் சிகரத்திலும் எவரும் ஏறியதில்லை. அங்கே செல்வோர் செய்வதெல்லாம் 52 கிலோமீட்டர் வலம் வருவதுதான். சிகரம் 6,638 மீட்டர் உயரத்தில் தனியே நிற்கும். அடியார் அண்ணாந்து பார்த்துச் சுற்றி வருவர். "அங்கே போனாலும் கீழே நின்றுதான் வணங்கியிருப்பேன்" என்றார். ஐந்தாண்டுகளில் அவர் கயிலையைப் பற்றி வாய்திறந்தது அதுவே முதன்முறை.

அம்மையார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐயாறப்பர் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். பாறையில் மூன்று கோடு இட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கை நீண்டது, பிறகு தயங்கியது. மகன் மூலம் வழிகாட்டியிடம் கேட்டார்.

"ஷிமா, உங்கள் வேண்டுதலை இங்கே விட்டுச் செல்லுங்கள். வேறு எதையும் விட வேண்டாம். இங்கிருந்து எதையும் எடுக்கவும் வேண்டாம்" என்றார் அவர்.

அம்மையார் அத்திருநீற்றைத் தம் நெற்றியில் இட்டுக்கொண்டு, கணவருக்கும் பேரனுக்கும் இட்டார். பேரன் ஒன்றும் பேசாமல் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புக் கல்லை எடுத்து, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான்.

திரும்பும் வழியில் ஹோகன் எனப்படும் மரபு இல்லத்தைக் கண்டார்கள். மரத்தண்டுகளை வட்டமாக அடுக்கி மண் பூசியது. நடுவே புகை போகும் திறப்பு. வாயில் கிழக்கு நோக்கியது. அம்மையார் உள்ளே நுழைந்ததும் பழக்கத்தால் இடப்புறமாகத் தொடங்கி, நடுவிலுள்ள அடுப்பை வலமாகச் சுற்றி வந்தார். வழிகாட்டி வியப்புற்றார். உள்ளே கதிரவன் செல்லும் முறையில் கிழக்கிலிருந்து தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றுவதே அவர்கள் மரபும். சொல்லித் தராமலே அவ்வாறு வந்தவரை அவர் அன்றுதான் கண்டாராம். சடங்குகளில் வண்ண மணலால் தரையில் படம் வரைந்து, சடங்கு முடிந்ததும் அன்றே அழித்துவிடுவார்கள் என்றும் அவர் சொன்னார். நாள்தோறும் கோலமிடும் அம்மையாருக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்பர் திரும்பிய வழி

முதிர்ந்த வயதில் இங்கே செல்ல விரும்பும் அன்பர்கள் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். உயரமான வறண்ட நிலமாதலால் தண்ணீர் அடிக்கடி பருக வேண்டும். நண்பகல் வெயிலைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ செல்வது நன்று. சைவ உணவு எளிதில் கிடைக்காது, கட்டுச்சோறே துணை. அங்குள்ளோரைப் படமெடுக்குமுன் அனுமதி கேட்பது மரியாதை. நாம் நமது கருவறையில் எதிர்பார்க்கும் அடக்கத்தை அவர்களுடைய பாறைகளின் முன்னும் காட்டுவது கடமை. விஷ்ணு, சிவன் என்ற பெயர்கள் வரைபடத்தில் இருப்பதால் அம்மலைகள் நம்முடையவை ஆகிவிடா. அவற்றைத் தலைமுறை தலைமுறையாக வணங்கி வருவோரின் வீட்டில் நாம் விருந்தினர்.

அன்று மாலை வண்டி தெற்கு நோக்கித் திரும்பியபோது, பேரன் தாத்தாவிடம் இன்னொரு கதை கேட்டான். பெரியவர் அப்பரின் கதையைத் தொடங்கினார். முதுமையில் கயிலை காணப் புறப்பட்ட அப்பர் பெருமான், கால் தேயும்வரை நடந்தார், பிறகு கையூன்றித் தவழ்ந்தார், பிறகு மார்பால் ஊர்ந்தார், இறுதியில் புரண்டார். உடல் முழுதும் தேய்ந்து கிடந்தவரிடம் இறைவன் முனிவர் வடிவில் வந்து, "மானிட உடலுடன் அங்கே செல்வது அரிது; திரும்பிப் போ" என்றார். ஆளும் நாயகனைக் காணாமல் திரும்பேன் என்று அப்பர் மறுத்தார். அருகிலிருந்த பொய்கையில் மூழ்கும்படி ஆணை பிறந்தது. மூழ்கியவர் எழுந்த இடம் திருவையாறு. அங்கே, தம் கண்ணெதிரே, கயிலையைக் கண்டார்.

வகுப்பறையில் எத்தனையோ முறை சொன்ன கதைதான். அன்று அந்த இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. "நம் ஊருக்கா வந்தார், தாத்தா?" என்று பேரன் கேட்டான். "ஆமாம், நம் ஊருக்குத்தான். நம் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்" என்றார்.

மேற்கே, சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் அந்தி வெளிச்சத்தில் நீலமாய்த் தெரிந்தன. இம்முறை அவரும் கைகூப்பினார்.

ஊர் திரும்பிய பிறகு அவர் முதலில் செய்தது, ஐயாறப்பர் கோயில் ஓதுவாரைப் போய்ப் பார்த்ததுதான். ஆண்டுதோறும் கயிலைப் பதிகம் பாடும் அவர் கயிலையைக் கண்டதில்லை. அவருக்கு இன்னும் ஐம்பத்தைந்து வயது நிறையவில்லை. வங்கியில் இருந்த தொகை அவருடைய யாத்திரைக்கு என்று பெரியவர் சொன்னபோது, ஓதுவார் ஏற்க மறுத்துத் திகைத்து நின்றார். "நான் இங்கேயே பார்த்துக்கொள்வேன். நீங்கள் அங்கே பாடிவிட்டு வாருங்கள்" என்றார் பெரியவர்.

அடுத்த ஆடி அமாவாசைக்குத் தென்கயிலாயத்தின் முன் தமக்கும் துணைவியாருக்கும் நிற்க இடம் வேண்டும் என்பதை மட்டும், மெய்க்காவலரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.